மாணாக்கன் ஒருவனுக்கு விடை
சேர் முத்துக்குமாரசுவாமியின் வாழ்வும் பணியும்

மட்டக்களப்பு வாவியின் கீழ்க்கரையிலே, கல்லடி உப்போடையில், விபுலானந்த அடிகளாரின் சமாதி அமைந்துள்ளது. ஆடித் திங்களில் அடிகளாரின் நினைவு நாள் வரும்போது வாவிக்கரைப் பாடசாலைகளிலே பேச்சுப் போட்டிகளும் கட்டுரைப் போட்டிகளும் நடைபெறுவதுண்டு. சில ஆண்டுகளுக்கு முன் அத்தகைய போட்டியொன்றுக்கு வந்த கட்டுரைகளைத் திருத்தும் பணி எனக்கு வாய்த்தது. கொடுக்கப்பட்ட தலைப்பு, ‘நான் போற்றும் தமிழ்ப் பெரியார்’ என்பது.

எழுதினோருட் பெரும்பாலார் நாவலரையும் அடிகளாரையும் உ. வே. சாமிநாதையரையும் எடுத்துக்கொண்டனர். ஒரு மாணவன் மட்டும் சேர் முத்துக்குமாரசுவாமியைப் பற்றி எழுதியிருந்தான். தெளிந்த நடை, பிழையற்ற எழுத்து. ஆயினும் நான் அவனுக்கு நூற்றுக்கு 40 புள்ளிகளே வழங்கி, கட்டுரையின் அடியில், “நடை நன்று. எடுத்துக்கொண்டவர் தமிழ்ப் பெரியார் அல்லர்” என்று சிவப்பு மையில் எழுதினேன். ஆங்கிலத்திலே நூல் எழுதி, ஆங்கிலேயர் நடுவே வாழ்ந்து, ஆங்கில மாதை மணந்த ஒருவரைத் தமிழ்ப் பெரியார் வரிசையில் வைக்க என் மனம் அன்று இசையவில்லை.

மூன்று நாள் கழித்து அம்மாணவன் என்னிடம் வந்தான். வாவியை நம்பி வாழும் குடும்பத்திலே பிறந்தவன். சட்டம் பயில வேண்டும் என்ற அவா உடையவன். கையைக் கட்டிக்கொண்டு நின்று, “ஐயா, கோபிக்க வேண்டாம். ஒரு கேள்வி கேட்கலாமா?” என்றான். கேள் என்றேன்.

“அடிகளார் ஷேக்ஸ்பியருடைய நாடகங்களைத் தமிழருக்கு விளக்கி ‘மதங்க சூளாமணி’ எழுதினார். அதைத் தமிழ்த் தொண்டு என்று வகுப்பிலே நீங்கள்தான் சொன்னீர்கள். முத்துக்குமாரசுவாமி நம்முடைய அரிச்சந்திர நாடகத்தை ஆங்கிலேயருக்குக் கொடுத்தார். அது ஏன் ஐயா தமிழ்த் தொண்டு ஆகாது?”

எனக்கு விடை தோன்றவில்லை. “பிறகு பேசுவோம்” என்று அனுப்பிவிட்டேன். ஆசிரியன் ஒருவன் ‘பிறகு’ என்று சொல்லும்போது அதன் பொருள் யாது என்பதை மாணவர் நன்கு அறிவர். அவனும் அறிந்திருப்பான். அவன் கேட்ட கேள்வி மட்டும் என்னை விட்டு அகலவில்லை. அதன் பின்னரே முத்துக்குமாரசுவாமியின் வரலாற்றை நான் ஊன்றிப் படிக்கலானேன். படித்தறிந்தவற்றை ஈண்டுக் கூறுகின்றேன்.

முதலியாரின் மகன்

முத்துக்குமாரசுவாமி 1833 ஆம் ஆண்டு பிறந்தார். தந்தையார் ஆறுமுகநாதர் குமாரசுவாமி முதலியார். வடமராட்சியிலே பருத்தித்துறைப் பகுதியைப் பூர்வீகமாகக் கொண்டவர். தேசாதிபதியின் தமிழ் மொழிபெயர்ப்பாளராக அமர்ந்து உயர்ந்தவர். ஆள்வோர் மொழியைக் குடிகளுக்கும், குடிகளின் மொழியை ஆள்வோருக்கும் எடுத்துச் சொல்வதே அவர் தொழில். இச்செய்தியை வாசகர்கள் மனத்திற் கொள்ளுதல் வேண்டும். மகனுடைய வாழ்வின் திறவுகோல் இதிலே உள்ளது என்பது என் துணிபு.

1833 ஆம் ஆண்டு இலங்கை வரலாற்றிலும் குறிப்பிடத்தக்கது. கோல்புறூக் ஆணைக்குழுவின் விதப்புரைப்படி சட்டநிரூபண சபை தோன்றிய ஆண்டு அதுவே. அச்சபையிலே உத்தியோக அங்கத்தவர் 9 பேர். உத்தியோகப் பற்றற்ற அங்கத்தவர் 6 பேர். பின்னைய அறுவரில் மூவர் ஐரோப்பியர். எஞ்சிய மூன்று ஆசனங்கள் சிங்களவர், தமிழர், பறங்கியர் ஆகியோர்க்கு ஒவ்வொன்றாக வகுக்கப்பட்டன. தமிழருக்கென வகுத்த ஆசனத்தில் முதன்முதல் அமர்ந்தவர் குமாரசுவாமி முதலியாரே. 1835 ஆம் ஆண்டு நியமனம் பெற்ற அவர் மறு ஆண்டே காலமானார். அப்போது முத்துக்குமாரசுவாமி மூன்று வயதுக் குழந்தை.

சிறுவர் கொழும்பு அக்கடமியிலே பயின்றார். பின்னாளில் றோயல் கல்லூரி எனப் பெயர் பெற்றது அதுவே. ஆங்கே அவர் ரேணர் பரிசைப் பெற்றார். மகாவமிசத்தை 1837 இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட ஜோர்ஜ் ரேணர் என்பாரின் நினைவாக ஏற்பட்ட பரிசு அது. பாளி மொழி நூலை ஆங்கிலத்தில் ஆக்கிய ஒருவரின் பெயரால் அமைந்த பரிசைப் பெற்ற மாணவர், பிற்காலத்தில் தாமும் பாளி நூல்களை ஆங்கிலத்தில் ஆக்கினார். பின்னர்ச் சட்டம் பயின்று, 1856 ஆம் ஆண்டளவில் உயர் நீதிமன்றத்தின் நியாயவாதியானார். தந்தையார் அமர்ந்த அதே சட்டநிரூபண சபை ஆசனம் 1861 ஆம் ஆண்டளவில் அவரை வந்தடைந்தது.

ஓர் ஆசனமும் ஒரு மாகாணமும்

அக்காலத்து அங்கத்தவரை மக்கள் தெரிவு செய்யவில்லை, தேசாதிபதியே நியமித்தார். இதனை ஒப்புநோக்க அமெரிக்க நாட்டைக் காண்க. இலினோய் மாநிலத்திலே வழக்கறிஞராயிருந்த ஆபிரகாம் லிங்கன் தம் தொகுதி மக்களின் வாக்கினாலே 1847 முதல் 1849 வரை பிரதிநிதிகள் சபையில் அமர்ந்தார். அவர் தம் தொகுதியாரிடம் சென்று வாக்குக் கேட்க வேண்டியிருந்தது. நம் முத்துக்குமாரசுவாமிக்கு அந்தக் கடமை இல்லை. யாழ்ப்பாணம், வன்னி, திருகோணமலை, மட்டக்களப்பு ஆகிய எல்லாப் பகுதித் தமிழருக்கும் சேர்த்து அவர் ஒருவரே குரல். முஸ்லிம் மக்களுக்குத் தனி ஆசனம் கிடைத்தது 1889 ஆம் ஆண்டிலேதான். ஆகவே வாவியின் இருகரையிலும் வாழ்ந்த மக்களுக்குக் கொழும்பிலே இருந்த வாய் அந்த ஒரே வாய்தான்.

அது எத்துணைப் பெரிய பொறுப்பு என்பதை மட்டக்களப்பார் ஓர் எடுத்துக்காட்டினால் உணரலாம். தாய்வழியாக உரிமை இறங்கும் முக்குவர் சட்டம் நம் பகுதியிலே நெடுங்காலம் வழங்கியது. ஒருவன் விட்டுச்செல்லும் முதுசொம் அவனுடைய பிள்ளைகளைச் சேராது உடன்பிறந்தாளின் பிள்ளைகளைச் சேரும் முறை அது. கிறிஸ்தோபர் பிறிற்றோ என்ற நியாயவாதி 1876 ஆம் ஆண்டில் அச்சட்டத்தைத் தொகுத்து ஆங்கில நூலாக வெளியிட்டார். அதே 1876 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் விவாக உரிமை, மரபுரிமை ஆகியவற்றுக்குப் பொதுவிதி வகுக்கவே, முக்குவர் சட்டம் வழக்கிறந்தது. நம் வீட்டுக் காணியும் வயலும் யாருக்கு உரியன என்பதை, நாம் வாக்களியாத ஒரு சபை கொழும்பிலே தீர்மானித்தது. அத்தகைய சபையிலே தமிழருக்கு இருந்தது ஓர் ஆசனம் மட்டுமே.

இலண்டன் மாநகரிலே

1862 ஆம் ஆண்டளவில் முத்துக்குமாரசுவாமி இங்கிலாந்து சென்றார். 1863 இல் இலண்டனிலுள்ள லிங்கன்ஸ் இன் என்னும் சட்டக் கழகத்தினாற் பரிஸ்டர் ஆக்கப்பட்டார். கிறிஸ்தவரும் யூதரும் அல்லாதார் ஒருவர் அத்தகுதியைப் பெற்றது அதுவே முதன்முறை.

இதன் அருமையை விளங்கிக்கொள்ள வங்காளத்து ஞானேந்திரமோகன் தாகூரின் கதையை நினைத்தல் வேண்டும். இந்தியருள் முதற் பரிஸ்டர் அவரே. 1862 ஆம் ஆண்டு, அதே லிங்கன்ஸ் இன் கழகத்திலேதான், அவர் அத்தகுதியைப் பெற்றார். ஆனால் அதற்குப் பல்லாண்டு முன்னரே அவர் கிறிஸ்தவராகிவிட்டார்; அதன் பொருட்டுத் தந்தையின் சொத்துரிமையையும் இழந்தவர். அவர் தம் நம்பிக்கையின்படி நடந்தார். அதிற் குறை காண்பதற்கு இல்லை. நான் சொல்ல வந்தது வேறு. மறு ஆண்டு அதே வாயிலிலே வந்து நின்ற நம் நாட்டவர் சைவராக வந்தார். சைவராகவே உள்ளே சென்றார். அவருக்குப் பின் அவ்வழியாற் சென்ற கீழைநாட்டார் எத்தனையோ பேர். அவருள் எவரும் ‘என் சமயத்தோடு இங்கே வரலாமா’ என்று முதன்முதற் கேட்கும் நிலையில் இருக்கவில்லை. அந்தக் கேள்விக்கு 1863 இலேயே விடை கிடைத்துவிட்டது.

அதே ஆண்டிலேதான் அவருடைய அரிச்சந்திர நாடக மொழிபெயர்ப்பும் இலண்டனில் வெளிவந்தது. அதற்கு அவர் இட்ட பெயர், ‘சத்தியத்தின் பொருட்டு உயிர்த்துன்பம் ஏற்றவன்’ என்னும் பொருள்படுவது. விக்ரோறியா மகாராணியார் முன்னிலையில் அவரே அரிச்சந்திரனாக நடித்தார் என்று எழுதுவோரும் உளர்.

அவர் இந்நாடகத்தைத் தெரிந்தெடுத்ததை எண்ணுந்தோறும் எனக்கு வியப்பு உண்டாகின்றது. கீழைநாட்டுக் காதற் கதையொன்றை மொழிபெயர்த்திருப்பின் இலண்டன் சீமாட்டிகள் இன்னும் விரும்பிப் படித்திருப்பர். அவரோ, பொய் சொல்ல மறுத்து நாடிழந்து, மனைவியையும் மகனையும் விற்று, சுடலை காத்தவனின் கதையை எடுத்தார். நம் ஊர்களிலே எழுத்தறியாப் பாட்டிமாரும் அறிந்த கதை அது. அக்காலத்து ஆங்கிலேயருட் பலர், கீழைநாட்டார் வாய்மை அறியாதவர் என்று நீதிமன்றங்களிலும் நூல்களிலும் சொல்லி வந்தனர். அந்நாட்டு நீதிமன்றத்தில் வாதாடும் உரிமை பெற்ற ஆண்டிலேயே, வாய்மைக்காக எல்லாம் துறந்தவனின் கதையை அவர்களிடம் தமிழர் ஒருவர் கொடுக்கின்றார். இதனினும் சிறந்த வாதத்தை எந்த வழக்கறிஞரும் எழுதியிருக்க மாட்டார்.

1874 ஆம் ஆண்டில் அவருடைய இரு பாளி மொழி நூல்கள் ஆங்கிலத்தில் வெளிவந்தன. ஒன்று சுத்தநிபாதத்தின் 30 சுத்தங்களின் மொழிபெயர்ப்பு. மற்றது, புத்தருடைய தந்த தாதுவின் வரலாறு கூறும் தாதாவமிசத்தின் மூலமும் மொழிபெயர்ப்பும். பௌஸ்பொல் என்னும் தேனிய நாட்டுப் பேரறிஞரின் சுத்தநிபாத முழு மொழிபெயர்ப்பு வெளிவந்ததும், றைஸ் டேவிட்ஸ் இலண்டனிலே பாளி நூற் கழகத்தைத் தொடக்கியதும் 1881 இலேதான். அதற்கு ஏழு ஆண்டுகள் முன்னரே, இலங்கைத் தமிழர் ஒருவர், சைவர், புத்தர் பெருமானின் திருமொழிகளை மேனாட்டார் கையிலே கொடுத்துவிட்டார். இந்நாட்டிலே இரு இனத்தாரும் பின்னாளிற் பட்ட துன்பங்களை நினைக்கும்போது இச்செய்தி நெஞ்சைத் தொடுகின்றது. தமது சமயத்தை விடாது பிடித்தவரே பிறர் சமயத்தையும் மதித்துக் கற்கும் துணிவு உடையவராயிருந்தார்.

அதே 1874 ஆம் ஆண்டில் அவருக்குச் ‘சேர்’ பட்டம் வழங்கப்பட்டது. மறு ஆண்டு, கென்ற் பகுதியைச் சார்ந்த எலிசபெத் கிளே பீபி என்னும் அம்மையாரை மணந்தார். 1877 ஆவணியிலே கொழும்பிலே மகன் பிறந்தான். அன்னையின் ஊர்ப்பெயரையும் சேர்த்து ஆனந்த கென்றிஷ் குமாரசுவாமி எனப் பெயரிட்டனர்.

1879

தாயும் குழந்தையும் முன்னதாக இங்கிலாந்து சென்றனர். தாமும் பின்தொடரக் கப்பலுக்கு ஆயத்தமாயிருந்த வேளையில், 1879 மே மாதம் 4 ஆம் நாள் முத்துக்குமாரசுவாமி கொழும்பிற் காலமானார். வயது 46. தம் மூன்றாம் வயதிலே தந்தையை இழந்தவர், இரண்டு வயது நிரம்பாத மகனை விட்டுச் சென்றார்.

வெறிதான தமிழர் ஆசனத்துக்கு இருவர் பெயர் எழுந்தது. ஒருவர், முக்குவர் சட்டத்தைத் தொகுத்த அதே பிறிற்றோ. மற்றவர், முத்துக்குமாரசுவாமியின் சகோதரி செல்லாச்சி அம்மையாரின் புதல்வர் பொன்னம்பலம் இராமநாதன். அப்போது 28 வயது இளைஞர். ஆறுமுக நாவலர் இராமநாதன் பக்கம் நின்று யாழ்ப்பாணத்திலே ஆதரவு திரட்டினார். ஆசனம் இராமநாதனுக்கே கிடைத்தது. அவ்வாண்டு மார்கழியிலே நாவலரும் சிவபதம் அடைந்தார்.

இங்கே மட்டக்களப்பார் ஒன்றை எண்ணிப் புன்முறுவல் செய்யலாம். மாமனின் ஆசனம் மருமகனைச் சேர்ந்தது! முக்குவர் சட்டம் ஏட்டளவில் ஒழிந்து மூன்று ஆண்டுகளே ஆகியிருந்தன. கொழும்புச் சபையிலே அது ஒருமுறை நடந்தேறியது. இராமநாதனின் தம்பியார் அருணாசலமும் கேம்பிரிட்ஜ் சென்று கற்று, 1875 இல் திறந்த போட்டிப் பரீட்சை மூலம் இலங்கைச் சிவில் சேவையிற் புகுந்த முதல் இலங்கையரானார். தாய்மாமனார் திறந்த வழியிலேயே மருமக்கள் நடந்தனர்.

மருமக்கள் ஆசனத்தையும் வழியையும் பெற்றனர். மகன் பெற்றது யாது? அவர் தந்தையின் முகத்தையும் அறியாது, தமிழ்ச்சொல் கேளாத வீட்டிலே வளர்ந்தார். நில நூல் கற்று, 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிப்பொருள் ஆய்வுப் பகுதியின் தலைவராக இருந்தார். கல்லையும் மண்ணையும் ஆராய வந்தவர் இந்நாட்டுக் கைவினைஞரின் கலையைக் கண்டு அதிலே ஈடுபட்டார். 1908 இல் இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய பெருநூலை வெளியிட்டார். 1917 முதல் அமெரிக்காவின் பொஸ்ரன் நுண்கலைக்கூடத்திற் பணியாற்றினார். 1918 இல் அவருடைய ‘சிவ நடனம்’ என்னும் கட்டுரைத் தொகுதி வெளிவந்தது. தில்லைக் கூத்தனின் திருவுருவத்தின் பொருளை மேனாட்டார் அறிந்தது பெரும்பாலும் அந்நூலினாலேயே. தாதாவின் தொழில் ஆள்வோர்க்கும் குடிகளுக்கும் இடையே மொழிபெயர்த்தல். தந்தையின் தொண்டு நூல்களை மொழிபெயர்த்தல். பேரனோ ஒரு நாகரிகத்தையே மற்றொரு நாகரிகத்துக்கு மொழிபெயர்த்தார். மூன்று தலைமுறையும் ஒரே பணியைச் செய்திருக்கின்றது.

1947 ஆம் ஆண்டு ஆடியிலே, யாழ் நூல் வெளியான சில வாரங்களில், விபுலானந்த அடிகளார் மறைந்தார். அதே ஆண்டு செப்டெம்பர் 9 ஆம் நாள் அமெரிக்காவிலே ஆனந்த குமாரசுவாமி மறைந்தார். புறவுலகின் அறிவைத் தமிழுக்குக் கொணர்ந்தவரும், நம் பொருளைப் புறவுலகுக்குக் கொடுத்தவரும் இரு திங்களுக்குள்ளே அடுத்தடுத்துப் போயினர்.

விடை

இனி மாணாக்கனின் கேள்விக்கு வருகின்றேன்.

முத்துக்குமாரசுவாமிக்கு ஒரு வயது மூத்தவர் சிறுப்பிட்டிச் சி. வை. தாமோதரம்பிள்ளை. அவரும் சட்டம் கற்றவர், புதுக்கோட்டையிலே நீதிபதியாயிருந்தவர். செல்லரித்த ஏடுகளைத் தேடி எடுத்து, 1887 இற் கலித்தொகையைப் பதிப்பித்தவர். தமிழ் அழியாது காத்தவர் அவர். பண்டிதர்களாகிய நாங்கள் அவரை நாளும் நினைக்கின்றோம். நினைப்பது கடமையும் ஆகும். ஆனால் காத்து வைத்த செல்வத்தை வெளியார்க்கு எடுத்துக் காட்டவும் ஒருவர் வேண்டும். வெளியுலகின் செல்வத்தை உள்ளே கொணரவும் ஒருவர் வேண்டும். காத்தல், கொணர்தல், கொடுத்தல் ஆகிய மூன்றும் தொண்டு. நான் முதல் இரண்டையும் தொண்டு என்று கற்பித்தேன். மூன்றாவதைச் சிவப்பு மையால் வெட்டினேன்.

முத்துக்குமாரசுவாமியின் வாழ்விலே குறை இல்லையென்று நான் சொல்ல வரவில்லை. அவர் மக்கள் தெரிவு செய்த பிரதிநிதி அல்லர். வாவிக்கரை உழவனும் மீனவனும் அவர் பெயரைக் கேட்டிருப்பரா என்பது ஐயமே. அவர் தம் ஆங்கிலப் புலமையை அரிச்சந்திரனுக்குத் தந்தது போலத் தமிழ் உரைநடைக்கும் தந்திருந்தால் நாம் இன்னும் பெரிதும் கடப்பட்டிருப்போம். ஆயினும், ஒருவர் செய்யாததைக் கொண்டு செய்ததை மறைப்பது திருத்துவோனுக்கு அழகன்று. வழக்கறிஞர் வாழ்வும் சபை ஆசனமும் அவருக்குப் பொருளும் பட்டமும் தந்தன. அவற்றைத் தந்த ஊரிலேயே நின்று, தம் பெயரையும் சமயத்தையும் தம் மக்களின் கதையையும் மறைக்காது உரைத்தார். தமிழ்ப் பெரியார் வரிசையில் அவருக்கு இடம் உண்டு.

இவ்விடையைக் கண்டபோது காலம் கடந்துவிட்டது. போட்டி முடிவுகள் முன்னரே அனுப்பப்பட்டிருந்தன. பரிசு வேறொரு மாணவனுக்குப் போயிற்று. அவன்மேற் குற்றம் இல்லை. என் மாணவனோ அவ்வாண்டே உயர்தர வகுப்பை முடித்து வெளியேறினான். அவனுக்குச் சேரவேண்டிய புள்ளிகளை இனி எந்த ஏட்டிலும் நான் திருத்த இயலாது.

அவன் சட்டக் கல்லூரிக்குச் சென்றானோ, வேறு துறை புகுந்தானோ அறியேன். எங்கிருந்தாலும் வார இறுதியிலே இப்பகுதியை விரித்துப் படிக்கும் பழக்கம் அவனுக்கு இருந்தது. அதை நான் அறிவேன். ‘பிறகு பேசுவோம்’ என்று நான் சொன்ன பேச்சு இதுதான், தம்பி. உன் கேள்வி சரியானது. நான் எழுதிய குறிப்பே பிழை.